நைட்ராக்ஸை நாமே கலக்கலாமா?

கேள்வி: நாங்கள் ஸ்கூபா டைவிங் செய்யும் நான்கு நண்பர்கள், நைட்ராக்ஸ் (சாதாரணக் காற்றைவிட ஆக்ஸிஜன் கூடுதலாக உள்ள சுவாசக் கலவை) பயிற்சி முடித்து, சொந்தச் சிலிண்டர்களும் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் எல்லை தாண்டிக் கேரளத்துக் கோவளம் வரை சென்று நிரப்பி வருவது செலவாகவும் அலைச்சலாகவும் இருக்கிறது. மார்த்தாண்டத்தில் என் சித்தப்பா வெல்டிங் பட்டறை வைத்திருப்பதால் ஆக்ஸிஜன் எளிதாகக் கிடைக்கும். சிறிய கம்பிரசர் ஒன்றை வாங்கி நாங்களே கலந்துகொள்ளலாமா?
– வாசகர், குளச்சல்

பதில்: வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கணக்கு எளிதாக இருப்பதால்தான் பலர் இதில் துணிந்து இறங்குகிறார்கள். காலிச் சிலிண்டரில் முதலில் 28 பார் (பார் என்பது அழுத்த அலகு) ஆக்ஸிஜனை ஏற்றி, அதன்மேல் 200 பார் வரை காற்றை நிரப்பினால் 32 விழுக்காடு நைட்ராக்ஸ் கிடைத்துவிடும். ஆனால் அந்த முதல் கட்டத்தில் பிரஷர் கேஜ் 5 பார் குறைத்துக் காட்டி, நீங்கள் அறியாமலே 33 பார் ஏறிவிட்டால், கலவை 34 விழுக்காடாகிவிடும். ஆக்ஸிஜனின் பகுதி அழுத்தம், அதாவது கலவையின் மொத்த அழுத்தத்தில் ஆக்ஸிஜனின் பங்கு, 1.4 பாரைத் தாண்டக் கூடாது என்ற வரம்பின்படி, ஏறத்தாழ 33 மீட்டராக இருந்த உங்கள் ஆழ எல்லை 31 மீட்டராகச் சுருங்கிவிடும். வரம்பு மீறினால் வரக்கூடிய வலிப்பு பெரும்பாலும் முன்னறிவிப்பே தராது. நீருக்கடியில் வலிப்பு வந்தவரின் வாயிலிருந்து ரெகுலேட்டர் என்னும் சுவாசக் கருவி நழுவினால், அவர் மூழ்கிப் போவார்.

இதைவிட அஞ்ச வேண்டியது தீ. ஆக்ஸிஜன் சிலிண்டரின் வால்வைச் சட்டென்று திறக்கும்போது, குழாயின் மறுமுனையில் இருக்கும் வாயு ஒரு நொடிக்குள் நசுங்கிக் கடுமையாகச் சூடேறுகிறது. அந்த இடத்தில் விரல் நுனியளவு கிரீஸோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் அதுவே பற்றிக்கொள்ளப் போதும். இதனால்தான் முறையாகக் கலப்பவர்கள் ஊசி வால்வின் வழியாக, நிமிடத்துக்கு 5 பாருக்கு மேல் ஏறாதபடி, கேஜின் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் நிரப்புகிறார்கள். குழாய், வால்வு, ஓ-ரிங் என ஆக்ஸிஜன் படும் ஒவ்வொரு பாகமும் அதற்கெனவே சுத்தம் செய்யப்பட்டிருக்க வேண்டும். எண்ணெயும் உலோகத்தூளும் எங்கும் படிந்திருக்கும் பட்டறையில் அந்தச் சுத்தத்தைக் காப்பது இயலாத காரியம். மேலும், பட்டறைக்கு வரும் சிலிண்டர் அதற்கு முன் யார் யார் கைகளில் இருந்தது என்பது உங்கள் சித்தப்பாவுக்கும் தெரியாது.

கம்பிரசரையும் எளிதாக எண்ண வேண்டாம். அருகில் ஒரு டீசல் ஜெனரேட்டரோ படகு எஞ்சினோ ஓடினால், அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு காற்றோடு உள்ளே போய்விடும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. 30 மீட்டர் ஆழத்தில் சுற்றழுத்தம் 4 பார் என்பதால், கரையில் தலைவலியோடு போகக்கூடிய அளவே அங்கு நான்கு மடங்கு வீரியத்தோடு உடலைத் தாக்கும். நம் கடற்கரையின் ஈரக்காற்றில் வடிகட்டிகளும் விரைவில் வலுவிழக்கும். சட்டப்படியும், அழுத்த வாயுவைச் சிலிண்டரில் நிரப்புவதற்கு 2016ஆம் ஆண்டின் எரிவாயு உருளை விதிகளின்கீழ் உரிமம் தேவை.

எனவே கடையிலேயே நிரப்புங்கள். மிச்சமாகும் பணத்தில் நால்வருக்கும் சேர்த்து நல்ல ஆக்ஸிஜன் அனலைசர் ஒன்று வாங்குங்கள். சாதாரணக் காற்றில் 20.9 காட்டும்படி அதைச் சரிசெய்துகொண்டு, உங்கள் சிலிண்டரை நீங்களே சோதித்து, விழுக்காடு, ஆழ எல்லை, தேதி ஆகியவற்றை ஒட்டுப்பட்டையில் எழுதி, கையொப்பமிட்ட பிறகே வண்டியில் ஏற்றுங்கள். கடைக்காரர் எத்தனை நம்பகமானவராக இருந்தாலும் இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள். அந்தக் காற்றைச் சுவாசிக்கப்போவது அவரல்ல.

கேள்வி: என் சிலிண்டரில் நைட்ராக்ஸ் நிரப்பக் கடையில் மறுத்துவிட்டார்கள். சாதாரணக் காற்று மட்டும் தருவதாகச் சொல்கிறார்கள். இது நியாயமா?
– வாசகர், பாறசாலை

பதில்: நியாயம்தான். அந்தக் கடையில் முதலில் தூய ஆக்ஸிஜனை ஏற்றும் முறையைக் கையாண்டால், ஆக்ஸிஜனுக்கெனச் சுத்தம் செய்யப்படாத சிலிண்டரை அவர்கள் தொடக் கூடாது. முன்பே கலந்து வைத்த, 40 விழுக்காட்டுக்கு மேற்படாத நைட்ராக்ஸை ஏற்றும் கடைகள் பல இந்தக் கட்டாயத்தைத் தளர்த்துவதுண்டு. ஆகவே அவர்களுடைய முறை எது என்று முதலில் கேட்டறியுங்கள். சிலிண்டரின் தோள்பகுதியில் பொறித்திருக்கும் நீரழுத்தச் சோதனைத் தேதியையும் பாருங்கள். அது காலாவதியாகியிருந்தால் காற்றைக்கூட அவர்கள் நிரப்பக் கூடாது.