ஜெர்மனியில் டோர்ட்முண்ட் நகரில் தனியாக இருக்கும் திருக்காட்டுப்பள்ளித் தம்பிக்கு

தம்பி, வங்கிக் கணக்கு, குளிர்கோட்டு, பகுதி நேர வேலை என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: ராத்திரி தூக்கம் இல்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை, பூண்டி மாதா கோவில் பூசையை யூடியூபில் பார்த்து அறையிலேயே ஜெபமாலை சொல்கிறேன், இது போதுமா என்று. மற்றதுக்கெல்லாம் கூடப் படிக்கிற பையன்களே பதில் சொல்வார்கள். நான் எழுதுவது இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான்.

ஜெபமாலையை விடாதீர்கள். ஆனால் அறைக்குள்ளேயே கிடப்பது ஆகாது.

நான் தரங்கம்பாடிக்காரி. இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும், ஞாயிறு கடை எதுவும் திறக்காது, வெள்ளிக்கிழமை கதவைச் சாத்தினால் திங்கள் காலை வரை வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அம்மா போனில் "சாப்பிட்டியா" என்றால் "ஆச்சு" என்பேன், அடுப்பே பற்ற வைத்திருக்க மாட்டேன். அப்புறம் ஒரு ஞாயிறு பக்கத்துத் தெரு லுத்தரன் கோவிலில் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பிரசங்கம் ஒன்றும் புரியவில்லை. சுவரில் பாட்டு எண் மாட்டிய பலகை, நம்ம கோவிலில் இருப்பது போலவே. ஆர்கன் ஆரம்பித்தால், எங்கள் ஆயா அடுப்படியில் பாடுகிற ஞானப்பாட்டு மெட்டு! ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் எங்கள் ஊர்க் கரையில் இறங்கியதிலிருந்து ஜெர்மன் மிஷனரிகள் கொண்டுவந்து தமிழாக்கிய பாட்டுகள்தானே அவை. நான் தமிழிலேயே பாடினேன். பக்கத்தில் இருந்த பாட்டி திரும்பிப் பார்த்துவிட்டு, தன் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். ஆராதனை முடிந்து காபி தருவார்கள், நழுவிவிடாமல் நில்லுங்கள், பேச்சுப் பழக்கம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

நீங்கள் கத்தோலிக்கர், பல்கலைக்கழகத்தின் கத்தோலிக்க மாணவர் குழுவைத் தேடிப் போங்கள். ஆகஸ்டில் இங்கே ஜெர்மனியிலேயே இருக்கும் கேவலார் என்ற ஊரின் மாதா கோவிலுக்கு வாருங்கள். ஐரோப்பா முழுக்க இருந்து தமிழர்கள் கூடுவார்கள், இலங்கைத் தமிழர்தான் அதிகம், இந்துக்களும் வருவார்கள். 29ஆம் தேதி வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குப் போக முடியாத ஏக்கம் கொஞ்சமாவது தீரும்.

இன்னொன்று, இதை நினைத்தாலே எனக்கு ஆத்திரம் வரும். நம்ம ஆட்கள் வீடுகளில் நடத்துகிற சில ஜெபக்கூட்டங்களில் மனச்சோர்வு என்றாலே விசுவாசக் குறைவு என்பார்கள், மாத்திரையை நிறுத்திவிட்டு உபவாசம் இரு என்பார்கள். என்னோடு தங்கியிருந்த பெண் அப்படி நிறுத்திவிட்டுப் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவள் நான். பைபிளில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே விழுந்து, சாகவேண்டும் என்று கேட்டபோது ஆண்டவர் அவரைக் கண்டித்தாரா? தூதனை அனுப்பித் தட்டியெழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டார். அந்த மாதிரிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலாக இப்படியே இருந்தால் குடும்ப டாக்டரைப் பாருங்கள். 116117க்கு அழைத்தால் மனநல சிகிச்சையாளரிடம் முதல் சந்திப்புக்கு நேரம் வாங்கித் தருவார்கள். நடுராத்திரியில் தாங்க முடியவில்லை என்றால் 0800 1110111, மனம்விட்டுப் பேசுவதற்கான தொலைபேசி எண். கத்தோலிக்க சபையும் புராட்டஸ்டன்ட் சபையும் சேர்ந்து நடத்துவது, 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, பெயர் கேட்க மாட்டார்கள். உயிருக்கே ஆபத்து என்று தோன்றினால் யோசிக்காமல் அவசர எண் 112.

முகவரி பதியும்போது மதம் இல்லை என்று எழுது, வரி மிச்சம் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சபை உறுப்பினர் என்று பதிந்தவர்களிடம் வாங்குகிற சபை வரி உங்கள் மாநிலத்தில் வருமான வரியில் 9 சதவீதம், வருமான வரியே கட்டாத மாணவருக்கு அதில் என்ன வரப்போகிறது? இப்படி எழுதிவிட்டுப் பிள்ளை பிறந்ததும் ஞானஸ்நானத்துக்கு ஓடி வருகிறவர்களை நான் மதிப்பதில்லை.

சரி, இந்த ஞாயிறு பூசைக்குக் கிளம்புங்கள். டாக்டரிடம் நேரம் வாங்க ஜெர்மன் தடுமாறினால் எனக்கு எழுதுங்கள், நானே பேசி வாங்கித் தருகிறேன்.