கெட்டி எண்ணெய் வடிய மறுக்கிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (பட்டர்வொர்த்): செம்பருத்தியும் கரிசலாங்கண்ணியும் போட்டுக் காய்ச்சிய தைலத்தை 0.22 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டரில் (சிரிஞ்ச் முனையில் மாட்டும் வடிகட்டி) தள்ளினால் 5 மி.லி.க்குள் அடைத்துக்கொள்கிறது. ஃபில்டர் மட்டமானதா?

பதில்: ஃபில்டர்மேல் குறையில்லை. இலைத்தூளும் பிசுக்கும் மிதக்கும் எண்ணெயை நேராக 0.22-க்குக் கொடுத்ததுதான் கோளாறு. 25 மி.மீ. ஃபில்டரில் வேலை செய்யும் சவ்வு நான்கைந்து சதுர சென்டிமீட்டர்தான். வண்டல் ஒரு மெல்லிய படலமாகப் படிந்தாலே வழி மூடிவிடும். முதலில் பருத்தித் துணியில் வடித்து, இரண்டு நாள் அசைக்காமல் வைத்து, மேலெண்ணெயை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். அடுத்தது வாட்மன் 4-ஆம் எண் வடிதாள் (20–25 மைக்ரான்). அதன்பின் 1.6 மைக்ரான் கண்ணாடியிழைத் தாள். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கு இதற்குமேல் போக வேண்டியதே இல்லை என்பது எங்கள் கருத்து. விற்பதாக இருந்தால் மலேசியாவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ.விடம் அழகுசாதனப் பொருளாக முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (செந்தூல்): விளக்கெண்ணெய் 10 மி.லி. சிரிஞ்சில் நகரவே இல்லை. சின்ன சிரிஞ்ச் போட்டால் போகும் என்கிறார்களே?

பதில்: போகும், ஃபில்டரும் வெடிக்கும். விரலின் விசை ஒன்றே என்றாலும், 1 மி.லி. சிரிஞ்சின் உருளை ஒல்லி என்பதால் அழுத்தம் பத்து மடங்கு வரை ஏறும். பல சிரிஞ்ச் ஃபில்டர்கள் 5 பார் (வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் ஐந்து மடங்கு) அளவுக்குத்தான் தாங்கும். சவ்வு உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாது; திடீரென்று லேசாக ஓடத் தொடங்கினால் சந்தேகப்படுங்கள். அந்த எண்ணெயை மறுபடி வடியுங்கள்.

அழுத்துவதைவிட எண்ணெயை இளக்குவதே வழி. விளக்கெண்ணெயின் பிசுபிசுப்பு 25 டிகிரியில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 40 டிகிரியில் இருக்கும். பாட்டிலை 50–60 டிகிரி வெந்நீரில் அரைமணி நேரம் வையுங்கள். சிரிஞ்சையும் ஃபில்டரையும் வெதுவெதுப்பாக்கி, நன்றாகத் துடைத்துவிடுங்கள். குளிர்ந்த ஃபில்டரில் எண்ணெய் பட்டவுடனே மறுபடி கெட்டியாகும். முனை லூயர் லாக்காக (திருகிப் பூட்டும் வகை) இருக்கட்டும். செருகு முனை பிய்த்துக்கொண்டு எண்ணெய் முகத்தில் அடிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): வேக்குவம் வைத்தும் மணிக்கணக்காகிறது. பெரிய பம்ப் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். எவ்வளவு விலை கொடுத்தாலும் வேக்குவம் தரும் அழுத்த வேறுபாடு ஒரு வளிமண்டலத்தைத் தாண்டாது. குழாய்நீர் ஆஸ்பிரேட்டரே (ஓடும் நீரால் காற்றை உறிஞ்சும் கருவி) போதும். நம் ஊர் 28–30 டிகிரித் தண்ணீரில் குடுவைக்குள் அழுத்தம் 4 கிலோபாஸ்கல் அளவில் நின்றுவிடும் (ஒரு வளிமண்டலம் சுமார் 101), ஆனால் வடிகட்ட அதுவே தாராளம். பணத்தைப் பரப்பில் போடுங்கள்: 47 மி.மீ. தட்டிலிருந்து 90-க்கு மாறினால் பரப்பு மூன்றரை மடங்குக்கு மேல் கூடும், வேகமும் அதற்கேற்பக் கூடும். எண்ணெயைச் சூடாக ஊற்றி, வேக்குவத்தை மெதுவாக ஏற்றுங்கள். எடுத்த எடுப்பில் முழு வேக்குவம் கொடுத்தால் வண்டல் இறுகித் தாளோடு ஒட்டிவிடும். குடுவை தடித்த கண்ணாடியில் செய்த பக்கக்குழாய்க் குடுவையாகவே இருக்க வேண்டும். சாதாரணக் கூம்புக் குடுவை உள்நோக்கி நொறுங்கும். கீறல் விழுந்த குடுவையும் ஆகாது. பம்புக்கும் குடுவைக்கும் நடுவே ஒரு காலி பாட்டில் வையுங்கள். ஒருமுறை எண்ணெய் பம்புக்குள் போனால்தான் அதன் அருமை தெரியும்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): வடித்தபோது கண்ணாடி மாதிரி இருந்த தேங்காயெண்ணெய்த் தைலம், மறுநாள் கலங்கிவிட்டது.

பதில்: ஏர்கான் அறையில் வைத்தீர்களா? தேங்காயெண்ணெய் 24–25 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். வெந்நீரில் வைத்ததும் தெளிந்தால் கவலையில்லை. ஏர்கான் இல்லாத அறைச்சூட்டிலும் கலங்கலாகவே இருந்தால் ஈரம். சூடான எண்ணெயில் கரைந்திருந்த நீர், ஆறியதும் பொடித்துளிகளாகப் பிரிகிறது. கரைந்த நீரை எந்த ஃபில்டரும் பிடிக்காது. காய்ச்சும்போதே மணல் பதம் வரை விடுங்கள்: சக்கையை விரலில் தேய்த்தால் நறநறவென்று உதிர வேண்டும், திரியில் நனைத்துக் கொளுத்தினால் சடசடக்கக் கூடாது. பாட்டிலும் காய்ந்திருக்கட்டும்; கழுவி ஒரு மணி நேரம் வெறுமனே கவிழ்த்து வைப்பது நம் ஊர் ஈரப்பதத்துக்குப் போதாது.

கேள்வி (செபராங் ஜெயா): 0.22-இல் வடித்த எண்ணெயைக் கண்ணில் விடலாமா?

பதில்: கூடாது. ஊசியாகவும் போடக் கூடாது. சவ்வு கிருமியைத் தடுக்கலாம். ஆனால் பாட்டில், மூடி, காற்று, கை எதுவுமே உங்கள் சமையலறையில் கிருமியற்றதல்ல.