பிக்ஸிஸ் மருந்து மெஷின் கணக்குல டைலாடிட் உதைக்குது, வெள்ளிக்கிழமை எச்ஆர் மீட்டிங்: டெக்ஸாஸ் நர்ஸ் ஒருத்தருக்கு பதில்

கேள்வி: "ஹூஸ்டன் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில சர்ஜிக்கல் ஃப்ளோர்ல ஆர்என்-ஆ இருக்கேன், கிரீன் கார்டு. முதுகு வலியில ஆரம்பிச்சது, சில மாசமா பேஷன்ட்டுக்குக் குடுத்தது போக வேஸ்ட் பண்ண, அதாவது சாட்சி முன்னாடி கொட்ட வேண்டிய டைலாடிட்ங்கற ஓபியாய்டு வலி மருந்தோட மிச்சத்த நானே போட்டுக்கிட்டேன். ஃபார்மசி ஆடிட்ல என் பேர் வந்துடுச்சு, டியூட்டியில இருந்து நிறுத்தி வச்சுட்டாங்க, வெள்ளிக்கிழமை எச்ஆர் மீட்டிங். 'உண்மைய ஒத்துக்கிட்டா இங்கயே முடிச்சுக்கலாம்'னு மேனேஜர் சொல்றாங்க. லைசென்ஸ சரண்டர் பண்ணிட்டு ஊருக்கே போயிடலாமான்னு இருக்கு. ஜெயிலுக்குப் போவேனா?"

சகோதரி, சட்டத்துக்குப் போறதுக்கு முன்னாடி உங்க உடம்பு. டைலாடிட் சில மாசமா உள்ள போயிருக்குன்னா திடீர்னு நிறுத்தும்போது வர்ற வித்ட்ராயல் என்னன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, ஆனா நாலு நாள் நிறுத்திட்டு தாங்க முடியாம மறுபடி பழைய டோஸையே போட்டா மூச்சு நின்னுடும், அதுவும் உங்களுக்குத் தெரியும், மத்தவங்களுக்கு நீங்களே சொல்லிக் குடுத்த விஷயம்தான். வீட்ல தனியா இருக்காதீங்க, ஓவர்டோஸ முறிக்கிற நார்க்கான் ஸ்ப்ரே ஃபார்மசியில சீட்டு இல்லாமலே கிடைக்கும், வாங்கி வீட்ல ஒருத்தர் கையில குடுத்து வைங்க. செத்துடலாம்னு நினைப்பு வந்தா 988க்கு போன் போடுங்க, மெசேஜும் பண்ணலாம், ராத்திரி பகல் எந்நேரமும் ஆள் இருப்பாங்க. இந்த மாதிரி மாட்டின நர்ஸுங்களுக்கு ரொம்ப ஆபத்தான நேரமே சஸ்பெண்ட் ஆன முதல் சில நாள்தான். ஒரு கேஸால உங்க உசுரு போகக் கூடாது, மத்ததெல்லாம் பாத்துக்கலாம்.

இப்ப அந்த மேனேஜர் சொன்னது. அவங்க நல்ல மனசோட கூட சொல்லியிருக்கலாம், ஆனா "இங்கயே முடிச்சுக்கலாம்"ங்கறது அவங்க கையில இல்ல. டெக்ஸாஸ் சட்டப்படி இந்த மாதிரி ஒரு நர்ஸ டிஸ்மிஸ் பண்ணினாலோ ஏழு நாளோ அதுக்கு மேலயோ சஸ்பெண்ட் பண்ணினாலோ நர்ஸிங் போர்டுக்கு ரிப்போர்ட் பண்ணியே ஆகணும். வெறும் அடிக்ஷன் பிரச்சினை மட்டும்னா போர்டுக்குப் போகாம டெக்ஸாஸ் பியர் அசிஸ்டன்ஸ் புரோகிராமுக்கு அனுப்பலாம்னு ஒரு வழி இருக்கு, ஆனா வேலையில தப்பு நடந்திருக்குன்னு சந்தேகம் வந்துட்டா போர்டுக்குத்தான் போகணும், மருந்து எடுத்தது அந்தக் கணக்குலதான் வரும். அது போக ஆஸ்பத்திரிக்கு டிஇஏ, அதாவது ஃபெடரல் போதை மருந்து கட்டுப்பாட்டு ஏஜென்சியோட லைசென்ஸ் இருக்கு, கன்ட்ரோல்டு மருந்து திருட்டுப் போனது தெரிஞ்சா ஒரு வேலை நாளுக்குள்ள டிஇஏ-வுக்கு எழுத்துல சொல்லணும், திருட்டு விவரம் சொல்ற ஃபார்ம் 106-ஐ 45 நாளுக்குள்ள ஆன்லைன்ல போடணும். ஆஸ்பத்திரிங்க ஏன் இதுல விட்டுக் குடுக்க மாட்டாங்கன்னா அவங்க கழுத்துலயும் கத்தி இருக்கு: 2015ல மாசசூசெட்ஸ் ஜெனரல் 23 லட்சம் டாலர், 2018ல மிச்சிகன் யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரி 43 லட்சம் டாலர் கட்டி டிஇஏ கேஸ முடிச்சாங்க, ரெண்டுமே உள்ள வேலை பாக்குறவங்க மருந்து எடுத்த விவகாரத்துல இருந்து வந்தது. அதனால நீங்க ஒத்துக்கிட்டாலும் ஒத்துக்கலைன்னாலும் ரிப்போர்ட் போகும், ஒத்துக்கிட்டா அதோட சேர்ந்து உங்க கையெழுத்துப் போட்ட பேப்பரும் போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் பாக்குறதே நர்ஸ் லைசென்ஸ் கேஸுங்கதான். கெட்டுப்போன கேஸ்ல பாதி, சம்பவத்தால கெட்டது இல்ல, அந்த முதல் மீட்டிங்ல அழுதுக்கிட்டே எழுதிக் குடுத்த ரெண்டு பக்கத்தால கெட்டது. உங்க மேல ஒரே நேரத்துல மூணு விஷயம் ஓடுது, கிரிமினல் ஒண்ணு, லைசென்ஸ் ஒண்ணு, இமிக்ரேஷன் ஒண்ணு, மூணுக்கும் ஆபீஸ் வேற, ரூல்ஸ் வேற, ஒண்ணுல உங்களுக்கு நல்லதா தெரியுற முடிவு இன்னொண்ணுல குழியில தள்ளிடும். இத மட்டும் மனசுல வச்சுக்கிட்டு மீதியப் படிங்க.

மீட்டிங்ல என்ன செய்யணும்? பொய் சொல்லவே சொல்லாதீங்க. பிக்ஸிஸ் மெஷின்ல நீங்க எத்தன மணிக்கு எடுத்தீங்க, 2 மில்லிகிராம் எடுத்து சார்ட்ல எவ்வளவு போட்டீங்க, மிச்சத்த எத்தன மணிக்கு வேஸ்ட் பண்ணினீங்க, விட்னஸா யார் கைரேகை வச்சாங்க, அதே ஃப்ளோர்ல மத்த நர்ஸுங்க எவ்வளவு எடுக்குறாங்க, எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டுத்தான் கூப்பிடுறாங்க. ஆனா பொய் சொல்லாம இருக்கறது வேற, எல்லாத்தையும் கொட்டுறது வேற. "வக்கீல் கிட்ட பேசாம எதுக்கும் பதில் சொல்ல மாட்டேன்"னு மரியாதையா சொல்லலாம். அதுக்காக வேலையில இருந்து தூக்குவாங்களான்னா, தூக்கலாம், தனியார் ஆஸ்பத்திரியில அத தடுக்க முடியாது, ஆனா அந்த வேலை ஏற்கெனவே போயிடுச்சுன்னு வச்சுக்கோங்க, காப்பாத்த வேண்டியது வேலைய இல்ல. ரூம்ல டிஇஏ ஆளோ போலீஸோ இருந்தா இன்னும் ஜாக்கிரதை, ஃபெடரல் ஏஜென்ட் கிட்ட பொய் சொன்னா அதுக்கே தனியா 5 வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு, வாய மூடிக்கிட்டு இருந்தா தண்டனை இல்ல.

யூரின் டெஸ்ட் கேட்டா? மறுத்தா பெரும்பாலும் பாசிட்டிவ்னே எடுத்துக்குவாங்க, போர்டும் அத உங்களுக்கு எதிராத்தான் பாக்கும், அதனால அந்த ஆஸ்பத்திரி பாலிசிய வக்கீல் கிட்ட இன்னைக்கே காட்டி முடிவெடுங்க. பழைய சார்ட்ட இப்ப திருத்தறது, வேஸ்ட்டுக்கு ஒரு கையெழுத்து போட்டுடுன்னு ஃப்ரெண்ட கேக்குறது, வாட்ஸப் மெசேஜ அழிக்கிறது, இதுல ஒண்ணுகூட வேண்டாம். பாக்காமலே விட்னஸ் போட்ட அந்த ஃப்ரெண்டோட லைசென்ஸும் இதுல மாட்டிக்கும்.

வக்கீல்னா எந்த வக்கீல்? மூணு வேலை தெரிஞ்சவங்க வேணும், ஒருத்தர் கிட்டயே மூணும் கிடைக்கிறது கஷ்டம், அதனால போர்டு கேஸ் பாக்குறவர், கிரிமினல் பாக்குறவர், இமிக்ரேஷன் பாக்குறவர், மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கணும்னு நீங்களே கேட்டு வாங்குங்க. சொந்தமா மால்பிராக்டிஸ் இன்ஷூரன்ஸ் எடுத்து வச்சிருந்தீங்கன்னா அந்தப் பாலிசிய எடுத்துப் பாருங்க, லைசென்ஸ் டிஃபென்ஸ் செலவு நிறைய பாலிசியில கவர் ஆகும், ஆஸ்பத்திரி எடுத்திருக்க இன்ஷூரன்ஸ் இதுக்கு உதவாது.

ஜெயில் பத்தி கேட்டீங்க. டெக்ஸாஸ்ல ஹெல்த் அண்ட் சேஃப்டி கோடு 481.1285-னு ஒரு செக்ஷன் இருக்கு, வேலை பாக்குற இடத்துல கைக்கு எட்டுற கன்ட்ரோல்டு மருந்த சொந்த உபயோகத்துக்கு எடுத்தா ஸ்டேட் ஜெயில் ஃபெலனிங்கற பெருங்குற்றம், 180 நாள்ல இருந்து 2 வருஷம், அபராதம் 10,000 டாலர் வரைக்கும். வேற ஒருத்தருக்குக் குடுத்தாலோ வித்தாலோ இன்னும் பெரிய ஃபெலனி. ஃபெடரல் பக்கம் போனா ஏமாத்தி மருந்து வாங்கினதுக்கு 4 வருஷம் வரைக்கும். இதுவரைக்கும் கேஸே இல்லாதவங்க, சொந்த உபயோகம், ட்ரீட்மென்ட்ல சேர்ந்துட்டாங்கன்னா ஜெயிலுக்குப் போகாமலே முடியறது நிறைய நடக்குது, அதனால பயந்து செத்துடாதீங்க.

ஆனா ஒரு கேள்வி நான் கேட்டே ஆகணும், பதில எனக்கு எழுதாதீங்க, வக்கீல் கிட்ட மட்டும் சொல்லுங்க. மிச்சத்த மட்டும் எடுத்தீங்களா, இல்ல பேஷன்ட்டுக்குப் போக வேண்டிய மருந்துல கை வச்சீங்களா, சிரிஞ்ச்ல தண்ணியோ சலைனோ ஏத்தி வச்சது உண்டா? அப்படி இருந்தா அது மருந்துல கலப்படம்ங்கற ஃபெடரல் குற்றம், தண்டனை 10 வருஷம் வரைக்கும், யாராவது செத்திருந்தா ஆயுள் வரைக்கும் போகும். நியூ ஹாம்ப்ஷயர்ல எக்ஸிட்டர் ஆஸ்பத்திரியில ஒரு டெக்னீஷியன் ஃபென்டனில் சிரிஞ்ச தனக்குக் குத்திட்டு சலைன் நிரப்பி திரும்ப வச்சாரு, அவருக்கு ஹெபடைடிஸ் சி இருந்தது, ஆபரேஷனுக்கும் டெஸ்ட்டுக்கும் வந்த எத்தனையோ பேருக்கு அது பரவுச்சு, 2013ல அவருக்கு 39 வருஷம் தண்டனை. அறுத்துத் தச்ச வயித்தோட ஒருத்தர் வலி தாங்காம கத்துறாங்க, சார்ட்ல மருந்து குடுத்தாச்சுன்னு இருக்கு, அந்த நோயாளிய நினைச்சுத்தான் சட்டம் இவ்வளவு கடுமையா இருக்கு, அது நியாயம்தான்னு நானும் நம்புறேன்.

இனி நம்ம ஆளுங்க நிறைய பேர் விழுற குழி. கிரிமினல் வக்கீல் சந்தோஷமா வந்து சொல்வாரு, "டெஃபர்டு அட்ஜுடிகேஷன் வாங்கித் தர்றேன், கில்டின்னு சொல்லிட்டு ஒழுங்கா புரொபேஷன் முடிச்சா கன்விக்ஷனே இல்ல"ன்னு. அமெரிக்காவுல பொறந்தவங்களுக்கு அது நல்ல டீல். உங்களுக்கு அது விஷம். இமிக்ரேஷன் சட்டத்துல கில்டின்னு சொல்லி, கோர்ட் ஏதாவது ஒரு கட்டுப்பாடு போட்டுட்டா அது கன்விக்ஷன்தான், டெக்ஸாஸ் பேப்பர்ல என்ன எழுதியிருந்தாலும் சரி. போதை மருந்து கன்விக்ஷன் ஒண்ணு இருந்தா கிரீன் கார்டு இருந்தாலும் நாடு கடத்தலாம், விதிவிலக்கு சொந்த உபயோகத்துக்கு 30 கிராமுக்குள்ள கஞ்சா ஒரே ஒரு தடவை வச்சிருந்ததுக்கு மட்டும்தான், டைலாடிட்டுக்கு கிடையாது. கேஸ் போட்டா நீங்க கேக்க வேண்டியது கில்டியும் சொல்லாம, ஒத்துக்கிட்டும் எழுதித் தராம போற ப்ரீ-ட்ரயல் இன்டர்வென்ஷன், அந்த அக்ரிமென்ட்ட கையெழுத்துக்கு முன்னாடி இமிக்ரேஷன் வக்கீல் வரி வரியா படிக்கணும். 2010ல பாடில்லா கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, கில்டி சொன்னா நாடு கடத்துவாங்களாங்கறத கிரிமினல் வக்கீல் கட்சிக்காரருக்கு சொல்லியே ஆகணும்னு, அதனால கேக்கத் தயங்காதீங்க.

அதே மாதிரி இந்த நேரத்துல இந்தியாவுக்கு டிக்கெட் போடாதீங்க. திரும்பி வரும்போது ஏர்போர்ட்ல உங்கள புதுசா உள்ள வர்ற ஆள் மாதிரி நிறுத்தி விசாரிக்க சட்டத்துல இடம் இருக்கு, அங்க நீங்க வாயால ஒத்துக்கிட்டதே போதும், கன்விக்ஷன்கூட தேவையில்ல. சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷன் போடறதா இருந்தா அதையும் நிறுத்தி வைங்க, பிடிபடாம செஞ்ச குற்றம் உண்டான்னுகூட அந்த ஃபார்ம்ல கேள்வி இருக்கு.

லைசென்ஸ சரண்டர் பண்றது பத்தி. புரியுது, அவமானத்துல தோணுற முதல் யோசனையே அதுதான். ஆனா விசாரணை நடக்கும்போது சரண்டர் பண்ணினா அது மரியாதையா விலகிக்கிட்டதா ஆகாது, ஒழுங்கு நடவடிக்கையாத்தான் பதிவாகும். நர்ஸ் லைசென்ஸ் விவரமெல்லாம் இருக்குற நர்சிஸ் டேட்டாபேஸ்ல ஏறும், நேஷனல் பிராக்டிஷனர் டேட்டா பேங்க்ல ஏறும், அத வச்சே ஃபெடரல் ஹெல்த் டிபார்ட்மென்ட்டோட கண்காணிப்பு ஆபீஸான ஓஐஜி உங்கள மெடிகேர், மெடிகெய்ட்ங்கற அரசு இன்ஷூரன்ஸ் திட்டங்கள்ல இருந்து விலக்கலாம், விலக்கிட்டா நர்ஸ் வேலை மட்டும் இல்ல, ஆஸ்பத்திரியில பில்லிங் கிளார்க் வேலைகூட கிடைக்காது. ஃபெலனி கன்விக்ஷனா இருந்தா குறைஞ்சது 5 வருஷம் விலக்கியே ஆகணும், டெஃபர்டு அட்ஜுடிகேஷன அங்கயும் கன்விக்ஷனாத்தான் எண்ணுவாங்க. ஊருக்குப் போய் தமிழ்நாடு நர்ஸ் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன வச்சு கல்ஃபோ லண்டனோ ட்ரை பண்ணலாம்னா, பெரும்பாலான நாட்டு ஃபார்ம்லயும் 'வேற எங்கயாவது நடவடிக்கை உண்டா'ன்னு கேள்வி இருக்கும், மறைச்சா அது ரெண்டாவது கேஸ்.

போர்டு பக்கம் எப்படி நடக்கும்னா, ஆஸ்டின்ல இருந்து லெட்டர் வரும், அதுல போட்டிருக்க தேதிக்குள்ள வக்கீல் மூலமா பதில் போகணும், அட்ரஸ் மாறியிருந்தா உடனே அப்டேட் பண்ணுங்க, லெட்டர் கைக்கு வரலைங்கறத போர்டு காரணமா ஏத்துக்காது. அப்புறம் ஒரு எவாலுவேஷன், பேச்சுவார்த்தை, பெரும்பாலும் ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டு போடுற அக்ரீடு ஆர்டர்னு ஒண்ணுல முடியும், ஒத்துவரலைன்னா ஸ்டேட் ஆபீஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேட்டிவ் ஹியரிங்ஸ்ல ஜட்ஜ் முன்னாடி விசாரணை. லைசென்ஸ் போகாம கண்காணிப்புல விட்டாங்கன்னா அது லேசு இல்ல, தினமும் செக்-இன், எப்ப வேணா யூரின் டெஸ்ட், கொஞ்ச காலம் நார்கோட்டிக் தொடக்கூடாது, ஏஜென்சி வேலை ஹோம் ஹெல்த் வேலை கிடையாது, டெஸ்ட் செலவும் உங்க கைக்காசு. மல்டி-ஸ்டேட் லைசென்ஸ வச்சு வேற ஸ்டேட்ல போய் வேலை பாக்குறதும் நின்னுடும். ஆனா இந்த வருஷங்கள முடிச்சுட்டு திரும்ப பெட்சைட்ல நிக்கிற நர்ஸுங்க நிறைய பேர் இருக்காங்க.

ட்ரீட்மென்ட்ல சேருறத மட்டும் வெள்ளிக்கிழமை வரைக்கும் தள்ளிப் போடாதீங்க. ட்ரீட்மென்ட் சென்டர்ல சொல்றதுக்கு ஃபெடரல் சட்டத்துல தனி ரகசியப் பாதுகாப்பு இருக்கு, எச்ஆர்ல சொல்றதுக்கு இல்ல. ட்ரீட்மென்ட் விவரத்த மத்தவங்களுக்குக் குடுக்க சம்மதிக்கிற ரிலீஸ் ஃபார்ம் எதுலயும் வக்கீலக் கேக்காம கையெழுத்து போடாதீங்க, ஏன்னா அடிக்ட்ங்கற காரணத்த மட்டுமே வச்சு நாடு கடத்த இமிக்ரேஷன்ல ஒரு ஓரத்துல ஒரு செக்ஷன் இருக்கு. டாக்டர் ஓபியாய்டு அடிக்ஷனுக்கான ப்யூப்ரெனார்ஃபின் மருந்து எழுதினா 'அத எடுத்தா லைசென்ஸ் கிடைக்காது'ன்னு யாராவது பயமுறுத்துவாங்க, நம்பாதீங்க, 2022ல இண்டியானா நர்ஸிங் போர்டு அப்படிச் செஞ்சது மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டத்துக்கு எதிரானதுன்னு ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்டே சொல்லிடுச்சு.

எச்ஆருக்கு இப்ப அனுப்ப வேண்டிய மெயில் ரெண்டே வரிதான்: "மீட்டிங் தகவல் கிடைச்சது. வக்கீலோட ஆலோசிக்கணும், அதுக்குத் தோதா வேற தேதி குடுங்க." காரணமோ மன்னிப்போ அதுல எழுதாதீங்க, ஆஸ்பத்திரி மெயில்ல இருந்து அனுப்பாம சொந்த மெயில்ல இருந்து அனுப்புங்க.