குத்துவிளக்கிலிருந்து தொடங்கட்டும்: ஒன்பதாம் வகுப்பில் ஓவிய ஆர்வம்

அன்புள்ள அம்மா,

மகள் ஒன்பதாம் வகுப்பு. நோட்டின் கடைசிப் பக்கமெல்லாம் படம். அடுத்த வருடம் பொதுத்தேர்வு. இதை வளரவிடுவதா, நிறுத்துவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம். ஆனால் இப்படியே விட்டுவிடவும் வேண்டாம். கடைசிப் பக்கத்துப் படங்கள் ஐந்நூறு சேர்ந்தாலும் பயனில்லை. எடுத்த வேலையை முடிக்கும் பழக்கமும் கண்ணெதிரே இருக்கும் பொருளை உள்ளபடி பார்க்கும் பழக்கமும்தான் வேண்டும். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று பருவத்துக்கு ஒரு வேலை போதும். சனிக்கிழமை இரண்டு மணி நேரம், மற்ற நாட்களில் பத்து நிமிடம். இதனால் மதிப்பெண் குறையாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செல்போனில் படத்தைப் பார்த்து வரைவதைக் குறைக்கச் சொல்லுங்கள். ஆழமுள்ள பொருளைத் தட்டையாக்கும் வேலையை அங்கே கேமராவே செய்துவிட்டது. பிள்ளை கோட்டை மட்டும் நகலெடுக்கிறாள். படம் அழகாக வரும், நான்கு பேர் பாராட்டுவார்கள், ஆனால் நுழைவுத் தேர்வில் ஒரு பொருளை எதிரே வைத்து வரையச் சொன்னால் கை நின்றுவிடும்.

வீட்டில் குத்துவிளக்கு இருக்கும். அதையே முதல் பருவத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஏ3 அளவு கார்ட்ரிட்ஜ் தாள் (படம் வரையும் தடித்த தாள்), 2பி பென்சில், 4பி பென்சில், ஒரு ரப்பர், இவ்வளவுதான் செலவு. விளக்கைத் தரையில் வைத்து, இரண்டு மீட்டர் தள்ளி நாற்காலியில் உட்காரட்டும். தாளின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு. இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் அந்தக் கோட்டிலிருந்து அளந்து போடட்டும். அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் தவறுவது தட்டுகளில்தான். எண்ணெய் ஊற்றும் மேல்தட்டையும் அடியிலுள்ள பாதத்தையும் ஒரே மாதிரி நீள்வட்டமாகப் போட்டுவிடுவார்கள். மேல்தட்டு கண்மட்டத்துக்கு அருகில் இருப்பதால் ஒடுங்கித் தெரியும், பாதம் கீழே இருப்பதால் அகன்று தெரியும். அது பிடிபடாவிட்டால் விளக்கு படத்தில் நிற்காது, சாய்ந்து மிதக்கும். இன்னொரு பிழை, நீள்வட்டத்தின் இரு ஓரங்களையும் மீன்வால் போலக் கூர்மையாக்குவது. வட்டம் எங்கேயும் கூராகாது. ஓரத்திலும் வளைந்துதான் திரும்பும். இப்படி நான்கு தாள் வரையட்டும், ஒவ்வொன்றும் வேறு உயரத்தில் உட்கார்ந்து. தாளின் பின்பக்கம் தேதி எழுதி வைக்கட்டும். ஒன்றையும் கிழித்துப் போட விடாதீர்கள், மோசமான தாளையும்.

இரண்டாவது பருவத்துக்குக் கையால் செய்யும் வேலை. தஞ்சாவூர் சாய்ந்தாடும் பொம்மையைச் சொல்வேன். ஓவியம், சிற்பம், இயற்பியல் மூன்றும் அதில் இருக்கின்றன. நம் ஊர்ப் பொருள்தானே என்று பலர் ஒதுக்குகிறார்கள். செய்து பார்த்தால்தான் அதிலுள்ள கணக்கு தெரியும்.

பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் பந்தைச் சரிபாதியாக வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டுவது பெரியவர்கள் வேலை. வயல் வண்டலைச் சலித்து, ஒரு கைப்பிடி உமி சேர்த்துப் பிசைந்து, 150 கிராம் அளவு எடுத்து அரைப்பந்தின் உட்புறம் அடியில் அழுத்தி வைத்து நிழலில் காயவிட வேண்டும், நான்கைந்து நாள். உமி சேர்க்காவிட்டால் காயும்போது மண் சுருங்கி வெடிக்கும். காய்ந்ததும் சற்றுச் சிறுத்துத் தானே கழன்று வரும். எடுத்துத் தனியே வையுங்கள். சிலர் ஈர மண்ணை நேராகக் காகிதக் கூட்டுக்குள் திணிக்கிறார்கள். காகிதம் ஊறி அடி தட்டையாகிவிடும், பிறகு பொம்மை ஆடாது.

அடுத்து அதே அரைப்பந்தின் வெளிப்புறத்தில் தேங்காய் எண்ணெய் தடவி, செய்தித்தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கீற்றுகளாகக் கிழித்து ஒட்ட வேண்டும். கத்தரியால் நறுக்கக் கூடாது. கிழித்த ஓரம்தான் ஒன்றோடொன்று படியும். பசைக்கு ஒரு பங்கு மைதா, ஐந்து பங்கு தண்ணீர், கிளறிக் காய்ச்சியது. ஒரு அடுக்கு தமிழ்ப் பேப்பர், அடுத்தது ஆங்கிலப் பேப்பர் என்று மாற்றி மாற்றி ஒட்டினால் எங்கே விட்டுப்போனது என்பது கண்ணுக்குத் தெரியும். மொத்தம் எட்டு அடுக்கு, ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். அவசரப்பட்டு எட்டையும் ஒரே நாளில் ஒட்டினால் உள்ளே ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செய்தால் நிச்சயம் பிடிக்கும். கடும் வெயிலிலும் வைக்காதீர்கள், கோணிவிடும்.

காய்ந்த கூட்டைக் கழற்றி, மண்ணை உள்ளே வைத்து ஃபெவிகாலால் ஒட்டியபின் மேல் உடல். அட்டைக் கூம்பும், உள்ளே காலியான காகிதத் தலையும். இரண்டும் சேர்ந்து 40 கிராமுக்குள் இருக்கட்டும். மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். பந்தின் நடுமட்டத்துக்கு மேலே ஏறும் எடை பொம்மையைக் கவிழ்க்கப் பார்க்கும், கீழே இருக்கும் எடை நிமிர்த்தப் பார்க்கும். தலையைக் களிமண்ணில் செய்தால் பொம்மை படுத்தே கிடப்பது இதனால்தான். வர்ணம் பூசும் முன்பே சாய்த்துப் பார்க்க வேண்டும். எழுந்தால் சாக்பவுடரும் ஃபெவிகாலும் கலந்து இரண்டு பூச்சு, உப்புத்தாள் தேய்ப்பு, அதன் பிறகுதான் நிறம். எழவில்லை என்றால் அதையும் ஒரு தாளில் எழுதி வைக்கட்டும், எவ்வளவு எடை, எங்கே பிழை என்று. இந்தத் தாள்கள் பொம்மையைவிட மதிப்புள்ளவை.

மூன்றாவது வேலைக்கு வெளியே அழைத்துப் போங்கள். தாராசுரம் கோயிலில் யானைக்கும் காளைக்கும் ஒரே தலை அமைந்த சிற்பம் இருக்கிறது. ஒரு பாதியைக் கையால் மறைத்துக் காளையை வரைந்து, மறுபாதியை மறைத்து யானையை வரைந்து, பிறகு முழுவதையும் வரைந்தால் ஒரு கோடு இரண்டு வேலை செய்வது எப்படி என்று புரியும். சுவாமிமலையில் உலோகச் சிலை வார்க்கும் பட்டறைக்காரரிடம் அனுமதி கேட்டு, மெழுகு உருவின் மேல் வண்டல் பூசுவதையும் தென்னை ஓலையை மடித்து மடித்து அளவு பிரிப்பதையும் பார்க்கட்டும். திரும்பி வந்து அதேபோல் ஓர் ஓலையால் தம்பி உயரத்தில் எத்தனை தலை அடங்குகிறது என்று அளக்கட்டும். அதன்பின் மனித உருவத்தில் தலையைப் பெரிதாக்கும் பிழை தானாகக் குறையும்.

படிப்பு விஷயம். பதினொன்றாம் வகுப்பில் ஓவியத்துக்காகக் கணிதத்தை விட வேண்டாம், மகளுக்குக் கணிதம் வருகிறதென்றால். கட்டடக்கலைக்கு பி.ஆர்க். சேர +2 இல் கணிதமும் இயற்பியலும் வேண்டும், நாட்டா எனும் கட்டடக்கலைத் திறனறி தேர்வோ ஜே.இ.இ. மெயினின் கட்டடக்கலைத் தாளோ எழுத வேண்டும். என்.ஐ.டி. (தேசிய வடிவமைப்பு நிறுவனம்), நிஃப்ட் (தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிறுவனம்) இரண்டின் பி.டெஸ். எனும் வடிவமைப்புப் பட்டப் படிப்புக்கும், ஐ.ஐ.டி.களில் அதே படிப்பில் சேர்வதற்கான யூசீட் தேர்வுக்கும் எந்தப் பிரிவில் படித்தவர்களும் போகலாம். நிஃப்டில் கொடுத்த பொருட்களை வைத்து மாதிரி செய்யும் தேர்வும் உண்டு. பொம்மை செய்த கைக்கு அது புதிதாக இருக்காது. கும்பகோணத்திலேயே அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, பி.எஃப்.ஏ. எனும் கவின் கலைப் பட்டப் படிப்பு நான்கு ஆண்டுகள். வெளியூர் அனுப்பத் தயங்கும் உங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய வசதி. ஒரு நாள் அழைத்துப் போய் மாணவர்களின் வேலைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓவிய ஆசிரியர் வேலை மனதில் இருந்தால் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் லோயர், ஹையர் (கீழ்நிலை, மேல்நிலை) இரண்டையும் விசாரித்து வையுங்கள். விதிகள் மாறக்கூடியவை. சேரும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்தே முடிவெடுங்கள்.

பத்தாம் வகுப்பு ஜனவரியிலிருந்து தேர்வு முடியும்வரை பெரிய வேலை எதுவும் வேண்டாம். அந்தப் பத்து நிமிடம் மட்டும் இருக்கட்டும், அதைப் பிடுங்காதீர்கள்.

திறமை இருக்கிறதா என்று கேட்டதற்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியாது. நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். ஆறு மாதம் கழித்து, பழைய தாள்களைக் காட்டாமல், அதே விளக்கை அதே இடத்தில் வைத்து வரையச் சொல்லுங்கள். முதல் தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தட்டுகளை மட்டும் பாருங்கள். மேலே ஒடுங்கி, கீழே அகன்றிருந்தால், இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு மகளோடு வாருங்கள். எந்தக் கல்லூரி என்று அப்போது பேசலாம்.