பசியிலிருந்து சோற்றுக்கு மூன்றே அடியில்

அடிக்கு ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, ஒவ்வோர் அடியிலும் பொருளுள்ள சொல் வரும்படி 'பசி'யைச் 'சோறு' ஆக்க வேண்டிய சொல் ஏணிப் புதிர் இது. பசி, பசு, பேசு, பேறு, சோறு என்று நான்கு அடியில் முடித்துவிட்டீர்கள், மூன்றில் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் ஏணியில் தவறே இல்லை. 'பேறு' எனக்கு உடனே தோன்றியிருக்காது.

சரி, இனி கீழிருந்து ஏறாமல் சோற்றிலிருந்து இறங்கிப் பாருங்கள். கடைசி அடியில் முதல் எழுத்து மாறினால், அதற்கு முந்தைய சொல் 'று'வில் முடிய வேண்டும். 'பறு' என்று சொல் கிடையாது. அப்படியானால் முதல் அடியிலேயே 'ப' போயாக வேண்டும். ஆக, பின்னால் 'சி' போட்டாலும் 'று' போட்டாலும் பொருள் தரும் ஓர் எழுத்துதான் தேவை. உயிர் எழுத்துகளை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: ஆசி, ஆறு! பசி, ஆசி, ஆறு, சோறு. ஊசி, ஊறு என்றும் போகலாம்.

பசி, படி, சோடி, சோறு என்று இன்னொரு வழியும் இருக்கிறது. ஆனால் சில விளையாட்டுகளின் சொற்பட்டியலில் 'ஜோடி' மட்டும் இருக்கும், 'சோடி' இருக்காது.

அப்புறம் ஒன்று. 'ஆலிஸ்' கதைகளை எழுதிய லூயிஸ் கரோல் 1877-இல் ஆங்கிலத்தில் இந்த விளையாட்டை உருவாக்கியபோது கையில் இருந்தவை 26 எழுத்துகள். நமக்கு 247. 'ப', 'பே' ஆவது ஒரே மாற்றம்தான். அதனால் சிக்கிக்கொண்டால் முதலில் மெய்யை அப்படியே வைத்துக்கொண்டு உயிரை மட்டும் மாற்றிப் பாருங்கள்: படு, பாடு, பீடு. எனக்குப் பாதி நாள் கதவு அங்கேதான் திறக்கிறது.

நாளைய புதிரில் மாட்டிக்கொண்டால் இரண்டு முனைச் சொற்களையும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.