ரிப்போர்ட்ட பீரோவுல பூட்டி வைக்காதீங்க அக்கா

அக்கா, நீங்க வாட்ஸ்அப்ல அனுப்புன, உங்க பையனோட சைக்காலஜிஸ்ட் ரிப்போர்ட்ட ரெண்டு தடவ படிச்சேன். ராத்திரி பூரா தூங்கலன்னு சொன்னீங்க, அந்த நம்பருங்கதான் பயமுறுத்தியிருக்கும், அதனால மொதல்ல அதயே சொல்லிடறேன். அதுல இருக்கற அறிவுத்திறன் டெஸ்ட்ல 100-ங்கறது நடு மார்க்கு, ஃபுல் மார்க்கு இல்ல. மூணுல ரெண்டு பேரு 85-க்கும் 115-க்கும் நடுவுலதான் இருப்பாங்க. தம்பிக்கு, அதான் உங்க பையனுக்கு, பேசறது, புரிஞ்சுக்கறது எல்லாம் 104. ஒர்க்கிங் மெமரி மட்டுந்தான் 76, அதாவது காதுல விழுந்தத மனசுல பிடிச்சு வச்சுக்கிட்டே வேலையும் பாக்கறது. சீனி, மைலோ, வெங்காயம்னு சொல்லி கடைக்கு அனுப்பறீங்க, அவன் மைலோவோட மட்டும் வந்து நிக்கறான், உங்க வீட்டுக்காரரு அண்ணன் 'சொல் பேச்சு கேக்கறதில்ல'ன்னு ரோத்தான, அதான் பிரம்ப, தேடறாரு. அவன் கேட்டான் அக்கா, கேட்டது நிக்கல.

டாக்டரு ஒண்ணு சொல்றாரு, சைக்காலஜிஸ்ட் ஒண்ணு சொல்றாங்க, எது நெசம்னு கேட்டீங்க. ரெண்டும் நெசம்தான். டாக்டரு ஏடிஎச்டின்னு, அதாவது கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்கற கோளாறுன்னு, பேரு சொல்லி, மூளையோட முன்பக்கம், டோப்பமின்ங்கற மூளை ரசாயனம், பரம்பரைன்னு உள்ள நடக்கறத சொல்றாரு. நீங்க செல்லம் குடுத்ததால வரல, சீனி தின்னதாலயும் வரல. அவரு எழுதி குடுத்த மெத்தில்ஃபெனிடேட், சாதா மாத்திரைன்னா ஏறக்குறைய நாலு மணி நேரம் தாங்கும், கவனிக்க வைக்கும், ஆனா விட்டுப்போன பாடத்த அது சொல்லி குடுக்காது. சைக்காலஜிஸ்ட் பாக்கறது எங்க தடுமாறுறான், எங்க தடுமாறலன்னு.

எனக்கு வேண்டியது இதுக்கும் மேல ஒண்ணு. 2001-ல உலக சுகாதார நிறுவனம் ஐசிஎஃப்-னு ஒரு முறை கொண்டு வந்துச்சு, வியாதி பேரோட நிக்காதீங்க, அந்த ஆளு தினசரி என்ன செய்யறாரு, சுத்தியிருக்கற எடம் அவர தூக்கி விடுதா இல்ல தடுக்குதான்னு பாருங்கங்கறாங்க. உங்க பையன் கிளாஸ்ல பத்து நிமிசம் உக்கார மாட்டான், ஆனா மாமா பட்டறையில கார்புரேட்டர கழட்டி ஒரு ஸ்க்ரூ மிஞ்சாம மாட்டறான்னு நீங்கதானே சொன்னீங்க? அங்க கழட்டுன சாமான் எல்லாம் கண்ணு முன்னால வரிசையா கெடக்குது, எதையும் மனசுல தூக்கி வச்சுக்க தேவையில்ல. அப்போ அடுத்தது என்னன்னு கண்ணுக்கு தெரியற மாதிரி உள்ள வேலை எதுவா இருந்தாலும் அவனால முடியும். மெக்கானிக்குன்னு இப்பவே முத்திரை குத்தாதீங்க, நானும் ஒரு காலத்துல என்கிட்ட வழி கேட்டு வந்த, மார்க்கு கொறஞ்ச தோட்டத்து பசங்கள எல்லாம் யோசிக்காம கைவேலைக்குத்தான் தள்ளி விட்டேன், அது தப்பு. பேச்சுல 104 எடுத்தவன் நல்ல டெக்னீசியனாவும் ஆகலாம், பார்ட்ஸ் கடையில கஸ்டமர சமாளிக்கவும் செய்யலாம்.

இப்ப அவன் நாலாம் படிவம், நேரம் இருக்கு. அஞ்சாம் படிவத்துல எழுதற எஸ்.பி.எம். பரீட்சையில கூடுதல் நேரம் கேக்கலாம், ஆனா ஸ்கூல் வழியா முன்கூட்டியே விண்ணப்பிக்கணும், அதனால இந்த ரிப்போர்ட்டோட ஒரு காப்பிய கவுன்சிலிங் டீச்சர்கிட்ட குடுத்துடுங்க. உங்க ஊரு சுங்கை சிப்புட்லேருந்து ஈப்போ ஐ.எல்.பி., அதாவது அரசாங்க தொழில் பயிற்சி கழகம், ஒண்ணும் தூரம் இல்ல, அங்க எஸ்.கே.எம்.ங்கற மலேசிய தொழில்திறன் சான்றிதழ் எடுத்துட்டு லெவல் நாலுல டிப்ளோமா வரைக்கும் போற வழி இருக்கு.

ஓகேயூ கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி கார்டு, எடுத்தா நாளைக்கு பொண்ணு கெடைக்காதுன்னு அண்ணன் சொல்றாரா? யாரும் கட்டாயப்படுத்தல, விரும்புனாத்தான் பதியறது. டாக்டரு ஃபாரத்துல கையெழுத்து போடணும், ஜேகேஎம்-ல, அதான் சமூக நல இலாகாவுல, பதியணும், ஏடிஎச்டி அங்க கற்றல் குறைபாடுங்கற பிரிவுல வரும். அரசாங்க வேலையில 1 சதவீதம் ஓகேயூக்குன்னு 1988-லேருந்தே கொள்கை இருக்கு, அது எவ்ளோ நடக்குதுங்கறது வேற கதை லா.

செவ்வாக்கிழமை நாலு மணிக்கு மேல வாங்க. அண்ணனுக்கு அன்னிக்கு செம்பனை லோடு இருந்தா வேற நாள் பாத்துக்கலாம், ஆனா அவரு கண்டிப்பா வரணும். தம்பியும் வரணும், அவன வெளிய உக்கார வச்சுட்டு அவனப் பத்தி நான் பேச மாட்டேன்.