அக்கம்பக்கக் காவல் நிலைய வேலை: கேட்டவர்களுக்குப் பதில்

சிங்கப்பூரில் அக்கம்பக்கக் காவல் நிலையம் ஒன்றில் பல வருடம் ரோந்து பார்த்தவன் நான். வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

கவின்: அண்ணே, தேசிய சேவைக்கு என்னைப் போலிசில் போட்டிருக்கிறார்கள். ரோந்து என்றால் காரிலேயே சுற்றுவதா?

கார் பாதிதான், தம்பி. எங்கள் குழுவுக்கு 12 மணி நேர வேலை. துப்பாக்கி, தடி, கைவிலங்கு, வாக்கி டாக்கி, சட்டையில் மாட்டும் கேமரா எல்லாம் எடுத்துக்கொண்டுதான் கிளம்புவோம். முதல் மாதம் இடுப்பு வலிக்கும். நல்ல சப்பாத்து வாங்கிக்கொள்.

போலிஸ் அவசர எண்ணான 999க்கு அழைப்பு வந்தால் ஓட வேண்டும். வராத நேரத்தில் இறங்கி நட. அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் சதுரங்கம் ஆடும் தாத்தாக்களுக்கு உன் முகம் பழக வேண்டும். ஒருநாள் அவர்களில் ஒருவர், "மூன்றாம் மாடிப் பாட்டியை இரண்டு நாளாகக் காணோம்" என்று என்னிடம் சொன்னார். மேலே போய்த் தட்டினோம், பதில் இல்லை. தீயணைப்பு, மீட்பு வேலை பார்க்கும் குடிமைத் தற்காப்புப் படையினர் வந்து கதவைத் திறந்தார்கள். குளியலறையில் விழுந்து கிடந்தார், உயிர் இருந்தது. அந்தத் தாத்தாவுக்கு 999ஐ அழைக்கத் தோன்றவில்லை, தெரிந்த முகத்திடம் சொல்லத் தோன்றியது. நடக்கச் சொல்வது இதற்காகத்தான்.

சாந்தி: எங்கள் புளோக் கீழே இருந்த சின்ன போலிஸ் நிலையத்தில் இப்போது ஆளே இல்லையே, தம்பி?

ஆமாம் அக்கா. ஜப்பானில் 'கோபான்' என்று சொல்லும் சின்ன போலிஸ் சாவடி முறையைப் பார்த்து 1983ல் தோ பாயோவில் அந்தச் சின்ன நிலையங்களைத் தொடங்கினார்கள். 1997 முதல் பெரிய அக்கம்பக்க நிலையங்கள் வந்தன, வேலையும் ஆட்களும் அங்கே போயின. 2015லிருந்து பல சின்ன நிலையங்களில் நாமே புகார் பதியும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். மேசையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி வெளியே ரோந்து போகலாம், அது நியாயம். ஆனால் திரையைத் தொடத் தயங்கும் முதியவர்களை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. முடிந்தால் ஒருமுறை அவர்களோடு போய், எப்படிப் பதிவது என்று சொல்லிக் கொடுங்கள்.

ரவி: அடையாள அட்டை தொலைந்தால் போலிசில் புகார் செய்யணுமா?

தேவையில்லை. குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடம் 28 நாளுக்குள் தெரிவித்தால் போதும்.

கவினின் அம்மா: சாப்பாடு, ஓய்வுக்கெல்லாம் வசதி உண்டா?

நான் இருந்த இடத்தில் லாக்கர், குளியலறை, சாப்பிட ஓர் அறை எல்லாம் இருந்தன, அம்மா. உட்கார நேரம் கிடைப்பதுதான் கஷ்டம். பாதியில் அழைப்பு வந்தால் மூடிவைத்துவிட்டு ஓடுவோம். ஆறினாலும் சாப்பிடக்கூடியதாகக் கட்டிக் கொடுங்கள்.

மாலதி: மேல் வீட்டில் தினமும் நடுராத்திரி நாற்காலி இழுக்கிறார்கள். 999 அழைக்கலாமா?

வேண்டாம். அது உயிருக்கு ஆபத்து போன்ற அவசர நேரத்துக்கு. முதலில் நேரில் பேசிப் பாருங்கள். சரிவரவில்லை என்றால் சமூக சமரச நிலையம் இருக்கிறது. அதிகாரி வந்தால் அன்றைக்குச் சத்தம் அடங்கும், மறுநாள் மறுபடி தொடங்கும். இரண்டு வீட்டையும் உட்கார வைத்துப் பேசினால்தான் தீரும்.

பெயர் வேண்டாம் என்றவர்: பேசினால் ஆபத்து என்ற நிலையில் போலிசை எப்படி அழைப்பது?

70999 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். புளோக், மாடி, வீட்டு எண்ணை முதலில் எழுதுங்கள். என்ன நடக்கிறது என்பதை ஒரே வரியில் சொல்லுங்கள். பேச முடியாது, திரும்ப அழைக்க வேண்டாம் என்றும் சேர்த்துவிடுங்கள். அனுப்பும் முன்பே போன் சத்தத்தை அணைத்துவிடுங்கள்.